பெருவிரலுக்கு விலை உண்டு. பிழைப்புக்கு வழி உண்டா?

தொழிற்பேட்டைகளின் வாயில்தோறும் ஒரு பலகை தொங்கக் காணலாம். ‘ஆட்கள் தேவை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், ‘வயது 18 முதல் 35 வரை’ என்றிருக்கும். முதல் வரி அழைக்கிறது. இரண்டாம் வரி விரட்டுகிறது! முப்பத்தாறு வயதுத் தையற்காரரும், நாற்பத்திரண்டு வயதுக் கடைசல் தொழிலாளியும் அந்த இரண்டாம் வரியைப் படித்ததும் திரும்பிவிடுகின்றனர். ஊன்றுகோலுடன் வந்து நிற்கும் இருபத்திரண்டு வயது இளைஞருக்கோ, பலகையில் எழுதப்படாத மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. அதை வாயிற்காவலரே வாயால் சொல்லிவிடுவார்: “உங்களுக்கெல்லாம் இங்கே வேலை கிடையாதய்யா, போங்கள்!”

வாசகர்களே! வயது வரம்பு எழுதிய அந்தப் பலகையை மாட்டியவர் சட்டத்தை மீறியவர் அல்லர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்க நாட்டில், நாற்பது வயதைக் கடந்தவரை வயதைக் காட்டி வேலைக்கு மறுப்பது தவறு என்று 1967-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். இங்கிலாந்தில், அறுபத்தைந்து வயதாயிற்று என்ற ஒரே காரணத்துக்காகத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் பொது முறையை 2011-இல் ஒழித்தனர். நம் நாட்டிலோ, தனியார் தொழிலில் வயதைக் காட்டி ஆளை ஒதுக்குவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்று இல்லை. ஆகவே பலகை தொங்குகிறது. பட்டப்பகலில், வெட்கமின்றித் தொங்குகிறது!

முதியோர் பிரச்சினை வேறு, மாற்றுத்திறனாளிகள் பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசுவது ஆட்சியாளர் வழக்கம். ஒன்றுக்கு ஓர் இலாகா. மற்றொன்றுக்கு மற்றோர் இலாகா. வேலை என்று வரும்போது இரண்டும் ஒன்றே என்பது ஆராய்ந்து பார்த்தால் விளங்கும். இருபத்தைந்து வயதுக் கட்டுடல் ஒன்றை மனத்தில் வைத்து, அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் ‘வேலை’ என்று பெயரிட்டு மாட்டி வைத்திருக்கிறோம். பொறியின் உயரம், இருக்கையின் அமைப்பு, விளக்கின் வெளிச்சம், ஏறிச் செல்லும் படிக்கட்டு, இரவு ஷிப்டு, மணிக்கு இத்தனை உருப்படி என்னும் கணக்கு — யாவும் அந்தக் கட்டுடலின் அளவுதான். பிறவியிலோ, நோயிலோ, விபத்திலோ அந்த அளவினின்றும் மாறுபட்டவர் மாற்றுத்திறனாளி. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அளவை விட்டு நகர்ந்தவர் முதியவர். சட்டை பொருந்தவில்லையென்றால் பிரித்துத் தைப்பது அறிவுடைமை. நாமோ சட்டைக்கு ஏற்ப ஆளை வெட்டிக் கொண்டிருக்கிறோம்!

விரலுக்கு விலை

இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் பிரஸ் பொறியில் கை சிக்கி, தொழிலாளி ஒருவர் பெருவிரலை இழந்தார் என்று வைத்துக் கொள்வோம். சட்டம் அவருக்கு என்ன செய்கிறது? வெள்ளையர் ஆட்சியில், 1923-ஆம் ஆண்டில், தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதனுடன் ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது. எந்த உறுப்பு போனால் உழைத்துப் பிழைக்கும் ஆற்றலில் எத்தனை பங்கு போயிற்று என்று அதில் வகுத்திருந்தனர். பெருவிரல் போனால் நூற்றுக்கு முப்பது. இரு கைகளும் போனால் நூற்றுக்கு நூறு. அந்தச் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் இப்போது அடங்கிவிட்டது. உறுப்புக்கு விலை வைத்துக் கணக்கிடும் முறை மட்டும் தொடர்கிறது.

நட்ட ஈடு வேண்டாம் என்போமா? வேண்டும், ஒரு காசும் குறையாமல் வேண்டும். ஆனால் அந்த அட்டவணையைச் சற்றுக் கூர்ந்து படியுங்கள். முப்பது போயிற்று என்று சொல்கிற சட்டம், எழுபது எஞ்சியிருக்கிறது என்றும் சேர்த்தல்லவா சொல்கிறது! அது சட்டமே தரும் வாக்குமூலம். அந்த எழுபதுக்கு வேலை எங்கே என்று கேட்டால் சட்டம் வாய் மூடிக் கொள்கிறது. முப்பதுக்கு விலை கொடுத்த முதலாளி, எஞ்சிய எழுபதையும் சேர்த்து வாயிலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார். போன விரலுக்கு விலை உண்டு. இருக்கிற ஒன்பது விரலுக்கு வேலை இல்லை!

இந்த அநீதிக்கு மாற்றே கிடையாதா? உண்டு, நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே உண்டு. மத்தியப் படை ஒன்றில் பணியாற்றிய காவலர் ஒருவர் காலை இழந்தார். இனி உதவமாட்டாய் என்று அவரைப் பணியினின்றும் அனுப்பிவிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவைக் காட்டி, அவரை நீக்கியது செல்லாது என்று 2003-இல் தீர்ப்பளித்தது நீதிமன்றம். 2016-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் அதே நீதியைத் தன் 20-ஆம் பிரிவில் ஏற்றுக் கொண்டது. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஒருவரை நீக்கலாகாது, பதவியில் இறக்கலாகாது. பழைய வேலை இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை காலியாக இல்லையெனில், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்கி அதில் அவரை வைத்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலும், நிறங்களைப் பிரித்தறியும் திறன் குறைந்ததென வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு, மாற்று வேலை தர முயலாமல் அனுப்பியது தவறு என்று உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கிற்று.

எத்துணை நேர்த்தியான ஏற்பாடு! ஆனால் அந்த 20-ஆம் பிரிவைச் சுற்றி ‘அரசு நிறுவனம்’ என்ற சொல்லால் வேலி போட்டிருக்கிறார்கள். அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் தனியார் லாரியின் ஓட்டுநரும் ஒரே சாலையில் எதிரெதிரே வந்து மோதி, இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தால், ஒருவருக்கு மாற்று வேலை. மற்றவருக்கு மாற்றுக்கால் மட்டும்! ஒரே சாலை, ஒரே விபத்து, இருவேறு நீதி. நாட்டின் உழைப்பாளரில் மிகப் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே அல்லவா நிற்கின்றனர்!

பதினைந்து ஆண்டுப் பள்ளம்

நொடியில் உறுப்பைப் பறிப்பது விபத்து. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் பறிப்பது வயது. ஊசியில் நூல் கோத்த கண் நாற்பதைக் கடந்ததும் மங்குகிறது. பொறியின் முன்னே நாள் முழுதும் நின்ற முழங்கால் நோகிறது. கண்ணாடியும், நல்ல விளக்கும், உயரமான முக்காலியும் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடிய குறைகள்தாம் இவை. அவற்றைக் கொடுப்பதைவிடக் கணக்குத் தீர்த்து அனுப்புவது மலிவு என்று எண்ணுகிறார் முதலாளி. அதற்கு ‘விருப்ப ஓய்வு’ என்று அழகான பெயரும் இருக்கிறது. யாருடைய விருப்பம் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஆலையே மூடப்பட்டால் நிலைமை இன்னும் கொடிது. சென்னையில் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் போர்டு மோட்டார் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. இத்தகைய மூடல் ஒவ்வொன்றிலும் இளையவர் வேறிடம் தேடிப் போகலாம். நாற்பதைக் கடந்தவர், இருபதாண்டுக் கைத்திறனைச் சுமந்து கொண்டு, வயது வரம்பு எழுதிய பலகைகளையே வரிசையாகப் படித்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறதே என்பார்கள். பார்ப்போம். வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த ஓய்வூதியம், பத்தாண்டுப் பணி முடித்தவருக்கும் 58 வயதில்தான் முழுமையாகக் கிடைக்கும். அதன் குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வகுத்தனர். வைப்பு நிதி காணாத கூலியாளுக்கு முதியோர் உதவித்தொகை. அதற்கு 60 வயது நிரம்ப வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-ஆம் ஆண்டின் இருநூறு அது. விலைவாசி விண்ணைத் தொட்டபோதும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நின்ற இருநூறு! தமிழ்நாட்டில் மாநில அரசின் பணத்தையும் சேர்த்து 1,200 ரூபாயாக 2023-இல் உயர்த்தினர்.

நாற்பத்தைந்தில் வேலையிழந்தவர் அறுபதைத் தொட எத்தனை ஆண்டுகள்? பதினைந்து. மகளின் படிப்பு, மகனின் கல்லூரிக் கட்டணம், தாய் தந்தையரின் மருந்து என்று குடும்பச் செலவு உச்சியில் நிற்கும் ஆண்டுகள் அவை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் ‘இளைஞரும்’ அல்லர், ‘முதியவரும்’ அல்லர். வேலை கேட்டால் கிழவர் என்கிறது ஆலை. உதவி கேட்டால் இன்னும் வயதாகவில்லை என்கிறது சர்க்கார். இந்தப் பள்ளத்தில் விழுந்த குடும்பங்களிலிருந்துதான், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் கூலிக்குக் கிளம்புகின்றனர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்நாட்டில் ஒரே ஒரு வேலைத்தலம், வயதுக்கு மேல்வரம்பு வைக்காமல் கதவைத் திறந்து வைத்தது. 2005-ஆம் ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் அது. ‘நூறு நாள் வேலை’ என்று மக்கள் அழைத்தார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர் எவரும், எண்பது வயதானாலும், வேலை கேட்கலாம் என்றது அச்சட்டம். தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தோரில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். அவர்களில் நரைத்த தலைகள் எத்தனை! “கிழவிகள் மரநிழலில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள்” என்று ஏளனம் செய்தனர், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து காசு வாங்குவோர். அந்தக் கிழவிகள் சோம்பேறிகள் என்றால் வெயிலில் மண்வெட்டியைத் தூக்கி வந்திருப்பார்களா? வயதானவர்க்கு உழைக்க விருப்பமில்லை என்ற பொய்யைத் தகர்த்தெறிந்தது அந்த மண்வெட்டி. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எதுவாயினும் ஆகுக. திறந்திருந்த அந்தக் கதவு மூதாட்டியின் முகத்தில் சாத்தப்படாமல் காப்பது நம் கடமை.

ஏட்டுச் சுரைக்காய்

மாற்றுத்திறனாளிகளின் வேலைக்குச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது; அடுக்கடுக்காக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, வேலை பெறும் உரிமைக்கும், முதுமையிலும் நோயிலும் உடற்குறையிலும் உதவி பெறும் உரிமைக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால், ‘பொருளாதார ஆற்றலின் வரம்புக்குட்பட்டு’ என்று ஒரு வாலையும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக் கொண்டே எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்!

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியது. ‘எந்தெந்தப் பணி இவர்களுக்கு ஏற்றது என்று இன்னும் அடையாளம் காணவில்லை’ என்று சொல்லியே அந்த மூன்றையும் தராமல் இழுத்தடித்தன இலாகாக்கள். சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2013-இல், பார்வையற்றோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. அடையாளம் கண்ட பணிகளுக்கு மட்டுமல்ல, மொத்தக் காலியிடங்களுக்கும் சேர்த்தே நூற்றுக்கு மூன்று கணக்கிட வேண்டும் என்று கட்டளையிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றை நான்காக்கியது. 21 வகை உடற்குறைகளையும் உளக்குறைகளையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்தது. பார்வையற்றவர் நீதிபதி ஆகலாகாது என்று ஒரு மாநிலம் வைத்திருந்த விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெற்றிதான்! ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்கு. ஒவ்வொரு வழக்குக்கும் ஒருவருடைய இளமை விலை!

தனியார் துறைக்கு வருவோம். நூற்றுக்கு ஐந்து பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியாருக்கு ‘ஊக்கம்’ அளிக்கலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். ஊக்கம், கட்டாயமன்று. அதற்கு முன்பே, 2008-இல், மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைக்கும் முதலாளி செலுத்த வேண்டிய வைப்பு நிதிப் பங்கையும் ஈட்டுறுதிப் பங்கையும் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே கட்டும் என்று திட்டம் போட்டார்கள். ஊக்கம் போதுமானதாக இருந்திருந்தால், அடுத்த பத்தாண்டில் பலன் தெரிந்திருக்க வேண்டுமே! 2018-இல் அரசே நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? பதினைந்து வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர் நூற்றுக்கு 22.8 பேர். ஏறத்தாழ அதே காலத்தில், 2017–18-இல், அந்த வயதுடைய மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 46.8 பேர். பாதிக்கும் கீழே! 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இந்தப் பள்ளம் எத்தனை இலட்சம் இல்லங்களின் அடுப்பைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்!

இருபது பேருக்கு மேற்பட்ட தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. மீறினால்? முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பெரிய ஆலையின் ஒருநாள் தேநீர்ச் செலவுக்குக் காணாது அது! ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கினோம். ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மதிப்புடன் அழைக்கக் கற்றோம். நல்லதே. பெயர் மாறிற்று, வாயிற்காவலரின் சொல் மாறிற்றா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மறுப்போர்க்கு மறுமொழி

‘இளைஞருக்கே வேலையில்லாத நாட்டில், முதியவரை வைத்துக் கொண்டால் இளைஞர் கதி என்ன?’ என்று கேட்போர் உளர். நியாயமான கவலை, தட்டிக் கழிக்கக் கூடாது. அரசுப் பணியில் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. அங்கே ஓய்வு வயதை உயர்த்தினால் இளைஞரின் நுழைவு தள்ளிப் போகத்தான் செய்யும். தமிழ்நாட்டில் 2020-இல் 58 வயது 59 ஆயிற்று. மறு ஆண்டே 60 ஆயிற்று. அதை இன்னும் உயர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஓய்வூதியமும் உத்தரவாதமும் இல்லாமல் நாற்பத்தைந்தில் தெருவுக்கு வருகிறவரைப் பற்றியே பேசுகிறோம். அவர் கையில் ஊதியம் இருந்தால் அது கடைத்தெருவுக்கு வரும். துணியாகும், அரிசியாகும், மற்றொருவருக்கு வேலையாகும். பிரெஞ்சு நாட்டில் 1982-இல் சட்டம் செய்து ஓய்வு வயதை 65-இலிருந்து 60 ஆக்கினர். மூத்தவர் எழுந்தார், ஆனால் அங்கே இளைஞர் வேலையின்மை தீர்ந்துவிடவில்லை. வேலை என்பது எண்ணி வைத்த நாற்காலி அல்ல, ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் உட்கார முடியும் என்பதற்கு.

‘வேகம் குறையும், உற்பத்தி குறையும்’ என்பது இரண்டாவது ஆட்சேபம். ஜெர்மன் நாட்டில், டிங்கோல்பிங் நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ. மோட்டார் ஆலையில் 2007-இல் ஒரு சோதனை நடத்தினர். பத்தாண்டு கழித்துத் தம் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, அதே சராசரி வயதுடைய 42 பேரை ஓர் உற்பத்தி வரிசையில் நிறுத்தினர். என்னென்ன மாற்ற வேண்டும் என்பதைத் தொழிலாளரிடமே கேட்டனர். சிமெண்டுத் தரைக்குப் பதில் மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய இருக்கைகள், நுண்ணிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி என்று எழுபது சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 யூரோ; ஒரு பெரும் ஆலைக்கு அது தூசு. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் நூற்றுக்கு ஏழு உயர்ந்து, இளையோர் வரிசைக்குச் சமமாக நின்றது. அவர்கள் மாற்றியது ஆளை அல்ல. தரையை, நாற்காலியை, வெளிச்சத்தை! உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இருக்கை இருபது வயதுக்காரருக்கும் இன்பந்தானே?

‘முதலாளி ஒருவர் தலையில் இவ்வளவு சுமையா?’ என்பது மூன்றாவது. இதற்கு ஜப்பான் விடை கண்டிருக்கிறது. 1960-இல் அந்நாடு, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தர முயலுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக் கொள்ளும் சட்டத்தைச் செய்தது. கேட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 1976-இல் கட்டாயமாக்கினார்கள். இன்று, நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் உரிய விகிதத்தில் ஆள் வைக்காவிட்டால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். அந்தப் பணம் எங்கே போகிறது? விகிதத்துக்கு மேல் ஆள் வைத்த நிறுவனங்களுக்கும், வேலைத்தலத்தைத் திருத்தியமைக்கும் செலவுக்கும் போகிறது. தட்டிக் கழித்தவர் பணம், தாங்கிப் பிடித்தவர்க்கு! அந்த விகிதம் 2024 ஏப்ரலில் நூற்றுக்கு 2.5 ஆக உயர்ந்தது. 2026 ஜூலையில் 2.7 என்றும் முன்கூட்டியே விதித்தனர். முதியோரைப் பொறுத்தவரையிலும், விரும்புகிறவருக்கு 65 வயது வரை வேலை தருவது அங்கே முதலாளியின் கடமை. 70 வரை தர முயல வேண்டும் என்று 2021 முதல் விதி வந்தது.

ஜப்பானில் எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. மறுபடி அமர்த்தப்படும் முதியவருக்கு ஊதியத்தைக் குறைத்துவிடும் பழக்கம் அங்கே உண்டு. 2018-இல், மத்திய அமைச்சகங்களே மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கையைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டி வந்தது அம்பலமாயிற்று. கணக்கில் ஏற்றப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் விதிப்படி அக்கணக்கில் சேராதவர்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எண்ணிக்கை என்று ஒன்று இருந்தது. அதனால் பொய்யும் பிடிபட்டது. நம் தனியார் ஆலைகளில் கேட்கப்படும் எண்ணிக்கையே கிடையாது. பிறகு பொய் எப்படிப் பிடிபடும்?

நாம் கேட்பது என்ன?

முதலாவது: 20-ஆம் பிரிவின் வேலியை அகற்றுங்கள். வேலையில் உடற்குறை நேர்ந்த தொழிலாளிக்கு மாற்று வேலை தரும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் வேண்டும். சிறிய பட்டறைக்கு அது தாங்காதெனில், பொது நிதியிலிருந்து உதவுங்கள். எழுபது பங்கு ஆற்றல் எஞ்சியிருக்கிறது என்று சொன்ன சட்டமே அந்த எழுபதுக்கும் வழி சொல்லட்டும்.

இரண்டாவது: ‘ஊக்கம்’ போதும், விகிதத்தைக் கட்டாயமாக்குங்கள். வைக்காதவரிடம் வாங்கி, வைத்தவருக்குக் கொடுங்கள்.

மூன்றாவது: வேலை விளம்பரத்தில் வயது வரம்பு எழுதுவதைத் தடை செய்யுங்கள். வேலையின் தன்மை உண்மையிலேயே வயதைக் கோருமானால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது ஆகட்டும்.

நான்காவது: நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவரை மறவாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் அவர்கட்குத் தனிப் பிரிவு வேண்டும். புதுத்தொழில் பயிற்சி வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வேண்டும். அரைநாள் வேலை விரும்புவோர்க்கு அரைநாள் வேலை கிடைக்கட்டும். ஆனால் மணிக்கூலி மற்றவர்க்கு உள்ளதே இருக்க வேண்டும். முதுமையையும் குறையையும் மலிவுக்கூலிக்குச் சாக்காக்க இடந்தரக் கூடாது.

ஐந்தாவது: அரசு தன் வீட்டை முதலில் ஒழுங்கு செய்யட்டும். நூற்றுக்கு நான்கில் நிரப்பியது எத்தனை, நிரப்பாதது எத்தனை என்று ஒவ்வோர் இலாகாவும் ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்கட்டும். எக்கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கைக் கேட்போம்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். விருப்ப ஓய்வுக்கு எவ்வளவு தொகை என்று பேரம் பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அடுத்த ஒப்பந்தத்தில், தொகைக்கு முன்னால், ‘மாற்று வேலை’ என்ற கோரிக்கை எழுதப்பட வேண்டும். விரலை இழந்தவரும் வயதேறியவரும் சங்கத்தின் சந்தாப் புத்தகத்திலிருந்து மறையும் நாளில், அவர்களுடைய குரலும் மறைந்துவிடுகிறது.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம். இன்று முப்பது வயதில் இருப்பவர் பதினைந்து ஆண்டில் நாற்பத்தைந்தைத் தொடுவார். பிரஸ் பொறியின் முன் நிற்கும் எவருக்கும் நாளைய விரல் உறுதியில்லை. ஆகையால் இது பிறருக்காக நாம் படும் இரக்கம் அன்று. நமக்கு நாமே போட்டுக் கொள்ளும் காப்பு. வாசகர்களே! வாக்குக் கேட்டு உங்கள் வாயிலுக்கு வருவோரிடம் உதவித்தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர் ஆலையில் ஐம்பது வயதுக்காரர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். விடை தெரியாதவரை, தெரிந்து கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்!